முட்டை பெல்ட்டும் சிவப்புப் புள்ளியும்

எங்கள் ஆபீஸில் இப்போது வேலை பார்க்கும் பையன்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்றவன் என்ற மரியாதைக்காக என்னையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். போன வாரம் ஒருவன் அதில் ஒரு வீடியோ போட்டான். செல்போனை ஒரு சுவருக்கு நேராகப் பிடிக்கிறான். திரையில் ஒரு கோடு வருகிறது. இத்தனை மீட்டர் என்று எழுதிக் காட்டுகிறது. அதற்குக் கீழே, "அண்ணே, இனிமே லேசர், டோட்டல் ஸ்டேஷன் எல்லாம் மியூசியத்துக்குத்தான். அந்தக் காலத்துல நீங்க என்னதான் பண்ணீங்க, எழுதுங்களேன்" என்று கேட்டிருந்தான்.

அந்தக் காலமாம். ஓய்வு பெறும்போது எனக்குக் கொடுத்த கைக்கடிகாரத்துக்கு நான் இன்னும் பேட்டரிகூட மாற்றவில்லை.

சுவரை அளப்பது ஒரு வேலையா? சுவர் நின்ற இடத்தில் நிற்கும். அளக்க வந்தவனைத் திரும்பிப் பார்க்காது. அளந்து முடித்த பிறகு நகர்ந்து உட்காராது. அப்படி நகர்ந்து உட்காரும் ஒன்றை நான் அளந்திருக்கிறேன். அதை எழுதுகிறேன். படித்துவிட்டு அந்தப் பையன் செல்போனை எடுத்துக்கொண்டு அங்கே போகட்டும், பார்க்கலாம்.

என் பெயர் சூசை. ஊர் சேலம். ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அரம் பிடித்து இரும்பைத் தேய்த்தோம், வாத்தியார் திட்டினார், மறுபடி தேய்த்தோம். பிறகு சேலத்தில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் சேர்ந்தேன். நேர் பார்க்கிற வேலை. மோட்டாரின் தண்டும் பம்பின் தண்டும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கொஞ்சம் தள்ளியிருந்தாலும் பேரிங் போகும், கப்ளிங் போகும், கடைசியில் முதலாளி நம்மேல் பாய்வார். தொழில் அவ்வளவுதான். பாதிக் காலத்தைத் தூண்டில் நரம்பு, தண்ணீர் டியூப், டயல் கேஜ் என்று ஓட்டினேன். அவற்றைப் பற்றி உருகி உருகி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் நூற்பாலையில் பஞ்சுத் தூசிக்கு நடுவே மல்லாந்து படுத்து, முகம் பார்க்கிற கண்ணாடியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, டயல் கேஜைத் தலைகீழாகப் படித்தவர்கள் இல்லை. என் இடுப்பு போனது அப்போதுதான். லேசர் வந்த அன்று நான் சந்தோஷப்பட்டேன். இன்றைக்கும் அந்தச் சந்தோஷம் குறையவில்லை.

லேசரோடு சேர்ந்து மாணிக்கம் சாரும் எனக்கு மேலதிகாரியாக வந்தார். அவர் வந்த சந்தோஷம் அவ்வளவு காலம் நீடிக்கவில்லை.

ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட். கிரீஸும் எண்ணெயுமாக இருக்கும் எங்கள் பட்டறையில் வெள்ளைப் பேண்ட் போட்ட ஒரே ஆள். யாரையும் திட்ட மாட்டார். அதுதான் பெரிய தொல்லை. திட்டினால் பதிலுக்கு நாமும் கத்தலாம், மனசு ஆறிவிடும். அவர் "சரி, அப்புறம்?" என்று மட்டும் கேட்பார். நாம் ஏதாவது சொல்வோம். மறுபடி, "சரி, அப்புறம்?" இப்படியே கேட்டுக் கேட்டு, நாம் சொல்லக் கூடாது என்று பத்திரமாக வைத்திருந்ததை எல்லாம் நம் வாயாலேயே வாங்கிவிடுவார். நான் ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னதைவிட இவரிடம் சொன்னது அதிகம்.

எங்களிடம் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று நேர் பார்க்கும் லேசர். ஒரு முனையில் பெட்டியை வைத்தால் சிவப்பாக ஒரு கற்றை நீளமாகப் போகும். அது விழும் இடத்தில் இன்னொரு சின்னப் பெட்டியைப் பிடித்தால், அந்த இடம் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் இப்படி, எத்தனை மில்லிமீட்டர் அப்படி என்று எண் காட்டும். இது என் பொறுப்பில் இருந்தது.

இரண்டாவது, டோட்டல் ஸ்டேஷன் என்கிற தூரம் அளக்கும் கருவி. முக்காலியில் நிற்கும். கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பும். அது எதிரே ஒட்டிய வெள்ளி ஸ்டிக்கரில் பட்டுத் திரும்பி வரும். அதிலிருந்து தூரத்தைச் சொல்லும். கோணத்தையும் சேர்த்து அளப்பதால், அந்த ஸ்டிக்கர் எந்த இடத்தில் இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரிந்துவிடும். இதை மாணிக்கம் சாரைத் தவிர யாரும் தொடக் கூடாது. காரில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் அந்தப் பெட்டி உட்காரும். அதற்கு சீட் பெல்ட் உண்டு. நானும் சாரும் பின் சீட்டில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்காருவோம். போன இடத்தில் இறங்கியதும் சார் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். பெட்டியை நிழலில் வைத்து, அந்த ஊர்ச் சூட்டுக்கு அது பழகும்வரை காத்திருப்பார். பிறகு மூடியைத் திறந்து உள்ளே இன்னும் கொஞ்சம் காற்றுப் போக விடுவார். முக்காலியை ஊன்றி, காலை மிதித்து அழுத்தி, குமிழி நடுவில் வந்த பிறகும் கருவியைச் சுற்றிச் சுற்றித் திருப்பிப் பார்ப்பார். ஒரு புள்ளியை ஒரு முகத்தில் பார்த்து எழுதுவார். பிறகு கருவியைப் புரட்டி மறு முகத்திலும் பார்த்து எழுதுவார். இரண்டும் ஒத்துவந்தால்தான் அடுத்த புள்ளி. நான் பசியில் நின்றுகொண்டிருப்பேன்.

அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஆத்தூர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அங்கே ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஃபேக்டரியில் மோட்டார்களை நேராக்கும் வேலை. நடுவில் ஆயுத பூஜை வந்தது. லேசரை அவர்கள் ஆபீஸ் அறையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். திரும்பிப் போய் சுவிட்சைப் போட்டால் ஒளி வரவில்லை. சாருக்கு போன் போட்டேன்.

"சார், லேசர் வரலை."

"சரி, அப்புறம்?"

"பேட்டரி புதுசுதான் சார்."

"சரி, அப்புறம்?"

"கண்ணுல சந்தனம் வச்சிருக்காங்க சார்."

"எந்தக் கண்ணுல?"

"ரெண்டு பெட்டிக் கண்ணுலயும் சார். மேல குங்குமமும் இருக்கு."

 "நீ வச்சியா?" என்றார்.

"நான் வேதக்காரன் சார்."

"அதைக் கேக்கலை. தடுத்தியா?"

அங்கிருந்த மேஸ்திரியிடம் போய்க் கத்தினேன். அவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "எல்லா மிஷினுக்கும் வச்சோம் சார். இது ஒண்ணுக்கு மட்டும் வைக்காம உட்டா அதுக்கு எப்படி இருக்கும்?"

மாணிக்கம் சார் அன்று மாலையே பஸ் பிடித்து வந்து, தன் கைக்குட்டையை நனைத்து, இரண்டு கண்ணையும் பிள்ளைக்கு முகம் துடைப்பது போலத் துடைத்தார். யாரையும் ஒரு சொல் சொல்லவில்லை. மறு வருடம் ஆயுத பூஜைக்கு முன்பே ஒவ்வொரு கருவிப் பெட்டியின் மூடியிலும் பெயிண்டால் ஒரு வட்டம் போட்டார். கருவிக்கு நெற்றி இதுதான் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார். இன்றைக்கும் அந்த வட்டத்துக்குள்தான் பொட்டு வைக்கிறார்கள்.

இனி அந்தப் பண்ணை.

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில், கொல்லிமலை எதிரே நிற்கும் ஒரு முட்டைக்கோழிப் பண்ணை. பாப்பாத்தி அம்மாதான் அதைப் பார்த்துக்கொண்டார். அவர் வீட்டுக்காரர் போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே எங்கோ இருப்பார், வருடத்தில் பெரும்பகுதி போனில்தான் குடும்பம் நடத்துவார். அந்த அம்மா கொட்டகைபோல நீளமாகப் புது செட் ஒன்று போட்டு, அதில் முட்டை பெல்ட் வைத்திருந்தார். கூண்டு வரிசைக்கு முன்னால், செட்டின் முழு நீளத்துக்கும் ஒரு தொட்டி, அதில் ஒரு பட்டை. கோழி இட்ட முட்டை சரிவில் உருண்டு வந்து பட்டையில் உட்காரும். காலையில் மோட்டாரைப் போட்டால் பட்டை மெதுவாக நகர்ந்து எல்லா முட்டையையும் செட்டின் தலைமாட்டில் இருக்கும் மேசைக்குக் கொண்டுவந்துவிடும். கையால் பொறுக்க வேண்டியதில்லை.

பட்டை நேராக ஓடினால் இது நல்ல ஏற்பாடு. அந்த அம்மாவின் பட்டை ஓரமாக ஓடியது. ஓரம் ஓடினால் தொட்டியின் விளிம்பில் உரசும், முட்டைகள் ஒரு பக்கமாகக் குவியும், ஒன்றோடொன்று மோதும். கீறல் விழுந்த முட்டையை லாரியில் ஏற்ற மாட்டார்கள்.

பக்கத்துப் பண்ணை அவர் கொழுந்தனாருடையது. ரத்தினம் என்று பெயர். பெல்ட் வாங்கும்போதே அவர் வேண்டாம் என்றாராம். முட்டையை மனுசன் கையால்தான் எடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. முட்டை உடைய ஆரம்பித்ததும் சொந்தபந்தம் எல்லாம் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. ரிக் வண்டியிலிருந்து வீட்டுக்காரரும், தம்பி சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று போனில் சொல்லிவிட்டார். நான் போய் இறங்கிய திங்கட்கிழமை அந்த அம்மா என்னிடம் சுற்றி வளைக்காமல் சொன்னார்:

"வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்பனுங்க சார். நேராச்சுன்னா ஆச்சு. இல்லீன்னா இந்த பெல்ட்டு லைன முழுசாக் கழட்டி எடைக்குப் போட்டுப்போடுவேன். எடைக்கடைக்காரங்ககிட்டச் சொல்லியும் வச்சாச்சுங்க."

"அவ்வளவு அவசரம் எதுக்கும்மா?"

"தெனமும் உடஞ்சதப் பாத்துக்கிட்டு, ஊர்ல எல்லார்த்து மூஞ்சியும் பாக்க முடியலீங்க. இதுக்கப்புறம் இந்தப் பண்ணையில நான் என்ன சொன்னாலும் யாரு கேப்பாங்க?"

அவர் சொன்னால் செய்கிற ஆள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

நான் லேசரை ஒரு முனையில் நிறுத்தி, சின்னப் பெட்டியை ஒவ்வொரு காலாக நகர்த்தி அளந்தேன். கூண்டைத் தாங்கும் ஒவ்வொரு இரும்புக் காலிலும் தொட்டி எங்கே இருக்கிறது என்று எழுதினேன். பாதி இடங்களில் தொட்டி நடைபாதைப் பக்கம் தள்ளியிருந்தது. போல்ட்டைத் தளர்த்தி, இடுக்கில் மெல்லிய தகடு கொடுத்து, உள்பக்கமாகத் தள்ளி, முறுக்கி, மறுபடி அளந்தேன். எல்லா இடத்திலும் சைபர். அவ்வளவு அழகான சைபர்களை நான் என் வேலைக் காலத்தில் பார்த்ததில்லை. சந்தோஷமாக சேலத்துக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை நான் போகும்போது ரத்தினம் மேசைப் பக்கத்தில் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு உடைந்த முட்டை.

"ஏனுங்க சார், நேத்தவிட இன்னிக்கு எச்சா உடஞ்சிருக்குதுங்களே. இதுவும் லேசரு வேலைங்களா?"

"பட்டையில ஏதாவது கோளாறு இருக்கும்."

"இருக்குமுங்க, இருக்கும். நீங்க வர்றதுக்கு முந்தி ஒரு ஓரத்துலதானுங்க ஓடுச்சு. இப்ப ரெண்டு ஓரமும் பழகிக்கிச்சு."

அவரைத் தள்ளிவிட்டு உள்ளே போய் மறுபடி அளந்தேன். சைபர். எல்லா இடத்திலும் சைபர். கருவி நேர் என்கிறது, முட்டை இல்லை என்கிறது. பட்டை சுற்றும் உருளையைக் கழற்றிப் பார்த்தேன், சரியாக இருந்தது. இருந்தாலும் புதுசு மாற்றினேன். பட்டையின் இழுப்பைக் கூட்டினேன், குறைத்தேன். புதன்கிழமை காலை இன்னும் அதிகமாக உடைந்திருந்தது.  இந்த முறை ரத்தினம் சிரித்துக்கொண்டே போனார். அது இன்னும் மோசம்.

எனக்கு வந்த கோபத்தில் லேசர் பெட்டியைத் தூக்கி மலைமேல் எறிந்திருப்பேன். மாணிக்கம் சார் "சரி, அப்புறம்?" என்று கேட்பாரே என்றுதான் எறியவில்லை. மறுபடி முதல் காலிலிருந்து அளக்க ஆரம்பித்தேன். பாப்பாத்தி அம்மா செட்டின் தலைமாட்டில் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்:

"ஏனுங்க சார், நீங்க போற பக்கமெல்லாம் கோழி எந்திரிச்சு முன்னால வந்து பாக்குதுங்களே. தீவனம் போடற எனக்குக்கூட இத்தன மரியாத கெடையாதுங்க."

திரும்பிப் பார்த்தேன். நான் நின்ற இடத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், மேல் தட்டு கீழ்த் தட்டு எல்லாவற்றிலும், கோழிகள் கம்பிக்கு வெளியே கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன. எல்லாம் என் கையில் இருந்த பெட்டியில் விழுந்த சிவப்புப் புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்று அதைக் கொத்தவே முயன்றது. நான் அடுத்த காலுக்கு நகர்ந்தேன். இங்கே இருந்தவை பின்னால் போய் உட்கார்ந்தன. அங்கே இருந்தவை எழுந்து முன்னால் வந்தன.

 செட்டின் கூரைச் சட்டத்திலிருந்து ஒரு தூக்குக்குண்டை நூலில் கட்டி, ஒரு காலுக்குப் பக்கத்தில், தொட்டிக்கு முன்னால் தொங்கவிட்டேன். லேசரை அணைத்தேன். கோழிகள் பின்னால் போகும்வரை நின்றேன். நூலுக்கும் தொட்டிக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி இருந்தது. லேசரைப் போட்டேன். கோழிகள் எழுந்து வந்தன. இடைவெளியில் விரல் நுழையவில்லை.

மெல்லிய கம்பிச் சட்டம். ஒரு கூண்டுக்கு நாலைந்து கோழி. ஒவ்வொன்றும் நன்றாகத் தின்று கனத்தது. எல்லாம் ஒரே நேரத்தில் முன்னால் வந்து நின்றால் சட்டம் முன்னால் சாயாமல் என்ன செய்யும்? நான் மூன்று நாளாக, புள்ளியைப் பார்க்க வந்த கோழிகளின் கனத்தில் சாய்ந்த சட்டத்தை அளந்திருக்கிறேன். முதல் நாளே அதை நம்பித் தொட்டியை உள்பக்கம் தள்ளியிருக்கிறேன். நான் லேசரை அணைத்துவிட்டுப் போனதும் அவை பின்னால் போய் உட்கார்ந்திருக்கின்றன. சட்டமும் கூடவே பின்னால் போயிருக்கிறது. அளப்பதே கோணலை உண்டாக்கியிருக்கிறது.

அந்தக் கோழிகளை நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. குழுவிலிருந்து என்னை எடுத்துவிடுவார்கள்.

"கோழிய வையாதீங்க சார்" என்றார் பாப்பாத்தி அம்மா. "பயந்துச்சுன்னா முட்டை விடாது. அப்புறம் பெல்ட்டு நேரா இருந்து என்னத்துக்காகுது?"

சாக்கை மறைப்பாகக் கட்டிப் பார்த்தோம். சாக்கைக் கண்டு கோழிகள் கூச்சல் போட்டன. புள்ளியைக் கையால் மறைத்து அளக்கலாம் என்று பார்த்தேன், மறைத்தால் எண் வரவில்லை. கடைசியில் அந்த அம்மாதான் கேட்டார்:

"அந்தச் செகப்பு வேண்டாமுங்க. கோழி கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஏதும் இல்லீங்களா உங்க கம்பெனில?"

இருந்தது. பெல்ட் போட்டு முன் சீட்டில் உட்கார்ந்து போகும் ஒன்று இருந்தது. சாருக்கு போன் போட்டேன்.

"சார், சேந்தமங்கலம் வேலை முடியலை."

"சரி, அப்புறம்?"

"கோழி பாக்குது சார்."

"என்னத்தப் பாக்குது?"

"லேசரை."

"சரி, அப்புறம்?"

"பாக்கறதுக்கு எழுந்து வருது சார். வந்தா சட்டம் சாயுது. வெள்ளிக்கிழமை அந்தம்மா லைனை எடைக்குப் போட்டுருவாங்க. உங்க கருவி வேணும் சார்."

இந்த முறை அப்புறம் வரவில்லை. 

"அங்க தூசி எப்படி?"

"கோழிப் பண்ணை சார்."

"எறகு பறக்குமா?"

"கோழிக்கு எறகு இருக்கும் சார்."

வியாழக்கிழமை காலை கார் வந்து நின்றது. முன் சீட்டில் பெட்டி, பெல்ட்டோடு. பின் சீட்டிலிருந்து மாணிக்கம் சார் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கினார். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட். கையைக் கழுவினார். பெட்டியை வேப்பமர நிழலில் வைத்தார். பக்கத்தில் நின்று காத்திருந்தார். பாப்பாத்தி அம்மா மோர் கொண்டுவந்தார்.

"வேண்டாங்க. பெட்டி தொறக்கற வரைக்கும் நான் ஒண்ணும் குடிக்க மாட்டேன்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "என்னங்க சார் இது, மாப்பிள்ள அழைப்பு மாதிரி இருக்குது" என்றார் மெதுவாக.

செட்டுக்குள் முக்காலியை ஊன்றினோம். வழி காட்டுவதற்காக அந்தக் கருவியில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு, அதை முதலில் அணைத்தோம். நான் காலுக்குக் கால் வெள்ளி ஸ்டிக்கரை ஒட்டி எண் எழுதினேன். சார் ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு கோழிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அவ்வளவு நிம்மதி.

கொஞ்ச நேரத்தில் சார் கண்ணை எடுக்காமலே கேட்டார்: "சூசை, எட்டாம் நம்பர் எங்க?"

போய்ப் பார்த்தேன். "கோழி தின்னுடுச்சு சார்."

"சரி, அப்புறம்?"

"ஒம்பதாம் நம்பரும் சார்."

மின்னுகிற எதையும் கோழி விடாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பாப்பாத்தி அம்மாவுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது, நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஸ்டிக்கர்களை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "தொட்டிக்கு அடியில ஒட்டோணுமுங்க. கழுத்து அங்க எட்டாது" என்று சொல்லி, கீழ்த் தட்டின் முன்னால் ஓடிய அந்தத் தொட்டியின் அடி விளிம்பில், குனிந்தபடியே முழு நீளத்துக்கும் ஒட்டிக்கொண்டு போனார். அவர் போனால் கோழிகள் அசையவே இல்லை.

இப்போது ஸ்டிக்கர்கள் முழங்காலுக்குக் கீழே இருந்தன. கருவியும் அந்த உயரத்துக்கு இறங்கியாக வேண்டும். முக்காலியின் கால்களை முடிந்தவரை குறுக்கி அகட்டி வைத்தோம். கருவி தரையோடு தரையாக உட்கார்ந்தது. அதன் கண்ணில் பார்க்க வேண்டுமென்றால் மனிதனும் தரையோடு இறங்க வேண்டும். தரையில் தீவனத் தூள், இறகு, எச்சம்.

நான் சாரைப் பார்த்தேன். "நான் பாக்கறேன் சார், நீங்க எழுதுங்க" என்றேன். அவர் கருவியைத் தொட விடுவாரா? முடியாது என்று தலையை ஆட்டினார். பாப்பாத்தி அம்மா ஒரு சாக்கைக் கொண்டுவந்தார். "சாமி, இத விரிச்சுக்குங்க."

"சாக்கு வழுக்கும். குமிழி நகந்துரும்."

முதலில் முழங்காலை ஊன்றினார். அது போதவில்லை. பிறகு கையை ஊன்றினார். பிறகு அப்படியே குப்புறப் படுத்தார். வெள்ளைச் சட்டையோடு. படுத்துக்கொண்டு ஒவ்வொரு புள்ளியையும் ஒரு முகத்தில் பார்த்தார், கருவியைப் புரட்டி மறு முகத்தில் பார்த்தார். ஒன்றைக்கூட விடவில்லை. தலைக்கு மேலே ஒரு கோழி எச்சமிட்டது. காலரில் விழுந்தது. "பதினாலு, ரெண்டாம் முகம், எழுதிக்க" என்றார்.

எழுந்தபோது அவரை எனக்கே அடையாளம் தெரியவில்லை. நான் எழுதியதை வாங்கிப் பார்த்தார். நான் தகடு கொடுத்த இடமெல்லாம் தொட்டி உள்பக்கம் போயிருந்தது.

"சூசை, இந்த லைன் நேராத்தான் இருக்கு. கோழி முன்னால நிக்கறப்ப."

 தகடுகளை எடுத்தேன். அவர் எண் சொல்லச் சொல்ல, கோழிகள் அமைதியாக இருக்கும்போது இருக்க வேண்டிய இடத்துக்குத் தொட்டியைக் கொண்டுவந்தேன். தீவனம் வரும்போதும் கோழிகள் முன்னால் வரத்தானே செய்யும் என்று பாப்பாத்தி அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. சட்டம் எந்தப் பக்கமும் ஆடாதபடி காலுக்குக் கால் குறுக்குக் கம்பி போட்டு இறுக்கினோம். சார் மறுபடி படுத்து எல்லாப் புள்ளியையும் பார்த்தார். பொழுது சாய்வதற்குள் முடிந்தது. மோரைக் குடித்தார். காரில் ஏறும்போது பின் சீட்டில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தார். பெட்டி முன் சீட்டில் சுத்தமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை நான் போனபோது எடைக்கடைக்காரரின் வண்டி வாசலிலேயே நின்றது. சொன்ன நாளில் வந்துவிட்டார். அதற்குப் பக்கத்தில் ரத்தினம் நின்றார். லைனைக் கழற்றியதும் பழையபடி கையால் முட்டை எடுக்க வசதியாக இருக்கட்டுமென்று, தன் பண்ணையிலிருந்து நான்கு தள்ளுவண்டிகளை ஆள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். "அண்ணி செரமப்படக் கூடாதுன்னு கொண்டாந்தனுங்க. இனி அவங்குளுக்குத்தான்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

 பாப்பாத்தி அம்மா மேசையடியில் வந்து நின்றார். "போடுங்க சார்" என்றார்.

நான் சுவிட்சைப் போட்டேன். பட்டை ஒரு முறை குலுங்கி நகர ஆரம்பித்தது. செட் நீளம். முதல் முட்டை வர நேரம் ஆகும்.   பட்டை தொட்டியின் நடுவில் ஓடியது. நான் குனிந்து இரு ஓரத்தையும் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு இடைவெளி. முட்டைகள் வர ஆரம்பித்தன. ஒன்றையொன்று இடிக்காமல், ரேஷன் கடையில் நிற்கத் தெரிந்தவர்கள் போல வரிசையாக வந்தன. பாப்பாத்தி அம்மா ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து அட்டையில் அடுக்கினார். ஒரு அட்டை நிறைந்தது. இன்னொன்று நிறைந்தது.  

ரத்தினம் பொறுக்க முடியாமல் மேசைக்கு வந்து நாலைந்து முட்டைகளை அள்ளித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"இதா பாருங்க, கீறல்."

"தம்பி, அது இப்ப நீங்க அள்ளுனதுல பட்டதுங்க" என்றார் பாப்பாத்தி அம்மா. "எடுத்து வெய்யுங்க, சட்டியில ஊத்திக்கலாம்."

கடைசி முட்டை வந்து நின்றது. பட்டையை நிறுத்தினேன். உடைந்தது எந்தப் பண்ணையிலும் தினமும் இருக்கும் அளவுக்கு மேல் இல்லை. அந்த அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். எடைக்கடைக்காரர் வண்டிமேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"அப்ப நான் போலாமுங்களாம்மா?"

"நான் வரச்சொல்லி வந்தீங்க. வெறும் வண்டிய ஓட்டிட்டுப் போவீங்களா?" என்றவர், ஆட்களைக் கூப்பிட்டார். "அந்தத் தள்ளுவண்டி நாலையும் தூக்கி ஏத்துங்க."

ரத்தினம் ஓடிவந்தார். "அண்ணி, அது என்ற வண்டிங்க."

"தெரியுமுங்க தம்பி. இனி எனக்குத்தான்னு எல்லார்த்துகிட்டயும் சொன்னீங்களாமே."

ஆட்கள் ரத்தினத்தின் முகத்தையும் அந்த அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதல் தள்ளுவண்டியின் ஒரு முனையை நான் போய்ப் பிடித்தேன். இடுப்பு வலிக்கத்தான் செய்தது. தூக்கி ஏற்றினேன்.